செவ்வாய்க் கல்லில் விழுந்த ஒரு சொட்டு

வேலைக்கு வந்த நேர்காணலில் இயக்குநரின் மேசையையே குறை சொன்னவர் எனக்குத் தெரிந்து எங்கள் கல்லக்கா ஒருவர்தான். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே மேசையின் மேல் விரலை ஓட்டியிருக்கிறார். கடைசியில், "சார், இந்தக் கிரானைட்டுக்கு மெருகு போட்டவன் கடைசிப் பவுடர் போடாமலே நிறுத்திட்டான். இந்த மூலையில சொரசொரங்குது பாருங்க" என்றாராம். ஒன்பது மாதமாக அந்த மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இயக்குநர் தானும் விரலை ஓட்டிப் பார்த்தார். சொரசொரத்தது. அதற்கப்புறம் அவருக்கு அந்த மூலை உறுத்திக்கொண்டே இருந்தது என்பது வேறு கதை.

அவருக்குக் கொடுத்த பரீட்சை எளியதுபோலத் தெரியும். ஒரு கருங்கல் துண்டைக் கையில் கொடுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு அதை மெலிதாக்கித் தர வேண்டும் என்றார்கள். கண்ணாடிச் சில்லில் ஒட்டி, பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லாத படலமாகக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் நுண்ணோக்கியில் வைத்தால் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். வந்திருந்த மற்ற நான்கு பேரில் இரண்டு பேர் கல்லைக் கண்ணாடியோடு சேர்த்து உடைத்தார்கள். ஒருவர் கல்லே இல்லாமல் வெறும் பசையை மட்டும் மிச்சம் வைத்தார். சமையலறை மேடைக் கல் அறுக்கும் பட்டறையில் பதினான்கு வருடம் நின்றுவிட்டு வந்த அக்கா, மைக்ரான் என்ற சொல்லையே அன்றுதான் முதலில் கேட்டவர். சில்லை விளக்குக்கு நேரே பிடித்துப் பிடித்துப் பார்த்தபடி அந்தப் பக்குவத்தில் சரியாக நிறுத்திவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "தேய்க்கறப்போ சத்தம் மாறுச்சு சார்" என்றாராம்.

நான் அங்கே மாதிரிகளைப் பூட்டிவைக்கும் இருப்பறைக்குப் பொறுப்பாளன். எந்தக் கல் வந்தாலும் எடைபோட்டு, எண் கொடுத்து, பெட்டியில் வைத்து, கேட்பவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது என் வேலை. அக்காவுக்கு நான் 'ஸ்டோரு'. எனக்கு மட்டுமல்ல, கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் கல்லக்கா. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ கல் அறுத்துவிட்டார். பாலம் கட்டும் இடத்துப் பாறை, சுரங்கத்துப் பாறை, கடலடியில் துளைபோட்டு எடுத்த பாறை. வானத்திலிருந்து விழுந்த கற்களும் சில வந்தன. அவற்றில் பெரும்பாலும் இரும்பு கலந்திருக்கும், ரம்பத்தின் பல் போய்விடும், அக்கா வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். மற்றபடி அவருக்கு எல்லாம் கல்தான்.

அந்தக் கல் மட்டும் வேறு மாதிரி வந்தது. சின்ன எலுமிச்சம்பழ அளவு. நாற்பத்தொரு கிராம். பாதி உடைந்திருந்தது. மீதிப் பாதியின் மேல் கறுப்பாக, பளபளப்பாக, கருகிய பால்பாத்திரத்தின் அடிபோல ஒரு தோல். காற்று மண்டலத்தில் எரிந்துகொண்டே இறங்கும்போது வெளிப்பக்கம் உருகி உறைந்த தோல் அது. ஒரு பாலைவனத்தில் பொறுக்கியது என்று கூடவே வந்த தாளில் இருந்தது. அதற்குள் அடைபட்டிருந்த துளிக் காற்றைச் சோதித்துவிட்டு, இது செவ்வாய் கிரகத்தின் கல் என்று ஏற்கெனவே உறுதி செய்திருந்தார்கள். செவ்வாய்க்குப் போன விண்கலங்கள் அளந்து சொன்ன காற்றும் இதுவும் ஒன்றாக இருந்தனவாம். அங்கே ஏதோ ஒன்று மோதி, தரை தெறித்து, வெளியில் எறியப்பட்டு, ஒரு கோடி வருடத்துக்கு மேல் சுற்றியலைந்துவிட்டு நம் பக்கம் விழுந்திருக்கிறது.

வீட்டில் போய்ச் சொன்னபோது அக்காவின் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "செவ்வாயில கிளம்பினது வியாழக்கிழமை வந்து சேர்ந்திருக்கு. உங்க ஆபீஸ் தபாலைவிட வேகம்தான்."

அந்தக் கல்லை ஆராயும் பொறுப்பு ஓர் ஆய்வாளரிடம் வந்தது. நாற்பதைத் தொடாத பெண். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். அக்காவின் பட்டறைக்கு அவரே இறங்கி வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நானும் பெட்டியோடு நின்றிருந்தேன்.

"அக்கா, இந்தக் கல்லுக்குள்ள நூல் மாதிரி மெல்லிசா விரிசல் இருக்கு. அதுல பழுப்பா ஏதோ அடைஞ்சிருக்கு. அது களிமண் வகையா இருந்தா, அங்க ஒரு காலத்துல தண்ணி ஓடியிருக்குன்னு அர்த்தம். தண்ணி இல்லாம களிமண் வராது."

"தண்ணி இருந்தா உயிரும் இருக்கணுமா மேடம்?"

"இருக்கணும்னு இல்ல. இருந்திருக்க முடியும்."

"வீடு இருந்துச்சு. குடியிருந்தாங்களான்னு தெரியாது. அப்படித்தானே?"

"அதேதான். இவ்வளவு சுருக்கமா நான் எழுதினா யாரும் படிக்கமாட்டாங்க" என்று சிரித்த ஆய்வாளர், உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "அதனால ஒண்ணே ஒண்ணு. இதுமேல நம்ம ஊர்த் தண்ணி ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பட்டுச்சுன்னா உள்ள இருக்கற தண்ணி யாருதுன்னு யாராலயும் சொல்ல முடியாமப் போயிடும்."

வழக்கமாகக் கல் அறுக்கும்போது ரம்பம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு அது கூடாது. வைரத்தூள் பதித்த மெல்லிய கம்பியால், சுத்தமான ஆல்கஹால் சொட்டவிட்டு, மெல்ல மெல்ல அறுக்க வேண்டும். அக்கா இரண்டு வாரம் சாதாரணக் கற்களில் பழகிப் பார்த்தார். கம்பி எட்டு முறை அறுந்தது. ஒன்பதாவது முறை அறுபடாமல் கடைசிவரை போனபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அறுப்பதற்குக் குறித்த நாள் காலையில் அவர் முகமே சரியில்லை. காரணம் எனக்கு அப்போது தெரியாது. அவருடைய கணவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பத்து நாளுக்கு முன் ஊசி போட்டு அதிலிருந்து சதை எடுத்திருந்தார்கள். முடிவு அன்று பதினொரு மணிக்கு. கூடப் போயிருக்கலாம். ஆனால் வெட்டிய துண்டுகளைச் சோதிக்க வேறொரு நகரத்தில் இயந்திரத்துக்கு நேரம் குறித்தாகிவிட்டது. அதைத் தவறவிட்டால் மறுபடி நாலு மாதம். "நீ போ. நான் என்ன குழந்தையா? பாப்பா என்கூட வர்றா" என்று கணவரே அனுப்பிவைத்துவிட்டார். பாப்பா என்பது செவிலியர் படிப்பில் இரண்டாம் வருடம் படிக்கும் அவர்கள் மகள்.

பட்டறைக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது. போனை அலமாரியில் பூட்டிவிட்டுப் போனார். உடம்பு முழுக்க வெள்ளை அங்கி, தலைக்குக் குல்லாய், வாய்க்கு முகமூடி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, கைக்கு இரண்டு அடுக்கு உறை. கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் துண்டு அழகாக வந்தது. அ என்று எழுதிய பெட்டியில் வைத்தார். இரண்டாவது துண்டு முக்கால்வாசி இறங்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பதினொன்று பத்து. அதற்கப்புறம் நடந்ததை அவர் பல மாதம் கழித்து என்னிடம் சொன்னபோது ஒவ்வொரு அசைவாகச் சொன்னார், இன்னும் அந்த மேசைக்கு முன்னால் நிற்பவரைப்போல. கண்ணாடிக்குள் ஆவி படிந்து கோடு மங்கியிருக்கிறது. துண்டு கழன்று விழுந்துவிடுமோ என்று இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது முழங்கையால் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தள்ளியிருக்கிறார். அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு துண்டின் மேல் விழுந்தது.

"வேர்வையா கண்ணீரா, சத்தியமா எனக்குத் தெரியாது ஸ்டோரு. ரெண்டும்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

ஆல்கஹாலில் நனைத்த தாளால் ஒற்றி எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. கதவைப் பார்த்தார், யாரும் இல்லை. துண்டை ஆ என்ற பெட்டியில் வைத்தார். மூன்றாவதையும் அறுத்து இ பெட்டியில் வைத்தார். கறுப்புத் தோலோடு கூடிய கடைசி முனைத்துண்டு ஒன்பது கிராம், அதை என்னிடம் திருப்பிக் கொடுப்பதற்காகத் தனியே வைத்தார். பன்னிரண்டரைக்கு அலமாரியைத் திறந்தார். கணவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "ஒண்ணும் இல்ல. வெறும் கொழுப்புக் கட்டியாம். பாப்பா சிரிக்கிறா. எனக்குப் பசிக்குது."

முனைத்துண்டைக் கொடுக்க வந்தவர் என் அறையில் காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். கட்டி விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு, அழுகை நிற்காமலே சிரித்தார். போன உயிர் திரும்பிவந்த மனிதருக்கு அந்தச் சந்தோஷத்தில் வேறு எதுவும் நினைவில் நிற்குமா? அன்றைய பதிவேட்டில் அவர் எழுதியது ஒரே வரி: "மூன்று துண்டுகள். ஆல்கஹால் மட்டும்." கையெழுத்து.

ஏழு மாதம் போனது. விரிசலில் இருந்தது களிமண் வகைதான் என்று தெரிந்தது. அதோடு கொஞ்சம் கரிமப் பொருளும் கிடைத்தது. அப்படிப்பட்ட பொருளை உயிர்களும் உண்டாக்கும், உயிரே இல்லாமல் தானாகவும் அது உண்டாகும். எதுவென்று சொல்ல முடியாது. ஆனாலும் தண்ணீர் இருந்தது என்று மட்டும் நிறுவினாலும் அதுவே பெரிய விஷயம். ஆய்வாளர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தார். கட்டுரை எழுதியாகிவிட்டது. சரிபார்ப்பதற்காக ஆ துண்டு மட்டும் வெளியூர்ச் சோதனைக்கூடம் ஒன்றுக்குப் போனது.

அங்கிருந்து வந்த கடிதம் எல்லோர் தலையிலும் இடியை இறக்கியது. துண்டில் உப்பு இருக்கிறது என்றார்கள். பூமியின் ஈரம் எதுவோ இந்தக் கல்லைத் தொட்டிருக்கிறது. பாலைவனத்துப் பனியாக இருக்கலாம், அல்லது உங்கள் பட்டறைத் தண்ணீராக இருக்கலாம். அப்படியிருக்க, களிமண் மட்டும் செவ்வாயில் உண்டானது என்று எப்படி நம்புவது? இதுதான் கேள்வி.

இயக்குநர் அறைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். பதிவேடுகளோடு நானும் போனேன்.

"அன்னைக்குத் தண்ணி ஏதாவது பட்டுச்சா?" என்று கேட்டார் இயக்குநர்.

"தண்ணி படல சார்."

"நிச்சயமா?"

"குழாயே மூடியிருந்துச்சு சார்."

அவர் சொன்னது பொய்யில்லை. வெளியே வந்தபோதுதான், படிக்கட்டின் பாதியில், அந்தச் சொட்டு ஞாபகத்துக்கு வந்ததாம். கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார். நான் பின்னால் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்னக்கா, தலை சுத்துதா?" என்று கேட்டேன். "இல்ல ஸ்டோரு, நீ போ" என்றார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் யாருடனும் சரியாகப் பேசவில்லை. வழக்கமான கல் ஒன்றைத் தேய்க்கும்போது ஒரேயடியாகத் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். பதினெட்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. மூன்றாம் நாள் விடுமுறை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணவர் கேட்டார்.

"ரெண்டு நாளா உப்பே இல்லாம சமைக்கிற. என்ன விஷயம்?"

உப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் உடைந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். கணவர் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"அப்போ என்னாலதான் இத்தனையும்."

"உங்களால இல்ல. உங்களுக்காக. ரெண்டும் வேற."

"வேலை போயிடுமாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"போகலாம். அதுகூடப் பரவாயில்ல பாப்பா. அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா இதே வேலையா இருக்கா. எல்லாம் என் ஒரு சொட்டுல போச்சுன்னா நான் எப்படி அவ முகத்துல முழிப்பேன்? சொல்லலேன்னா ஒருவேளை பாலைவனத்துப் பனின்னு முடிச்சிடுவாங்க. யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே" என்றார் கணவர். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். "ஆஸ்பத்திரியில அன்னைக்கு டாக்டர் வாயைத் திறக்கற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்லதோ கெட்டதோ, சொல்லிட்டா மனுஷன் மூச்சு விடுவான். நாளைக்குக் காலையில ஸ்கூல் பிள்ளைங்கள இறக்கிவிட்டுட்டு நானே உன்னை வேன்ல கொண்டுபோய் விடறேன்."

அப்படியே நடந்தது. காலையில் பள்ளிக்கூட வேனிலிருந்து கல்லக்கா இறங்கியதை வாசலில் நின்றிருந்த நான் பார்த்தேன். நேராக ஆய்வாளர் அறைக்குப் போனார். போகும் வழியில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "நீயும் வா ஸ்டோரு. நடுவுல நான் வாயை மூடிட்டா நீ கிள்ளு."

கிள்ள வேண்டியிருக்கவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்தத் துண்டுக்கா?"

"ஆ துண்டு மேடம்."

"எந்தப் பக்கம்? எந்த இடத்துல?"

அக்கா தாள் வாங்கி, துண்டின் வடிவத்தை ஒரே கோட்டில் வரைந்தார். இத்தனை மாதம் கழித்தும் அதன் மேடு பள்ளம் கைக்கு நினைவிருந்தது. இடது ஓரத்தில், கறுப்புத் தோலுக்கு இரண்டு மில்லிமீட்டர் உள்ளே, கடுகளவு வட்டம் ஒன்று போட்டார்.

ஆய்வாளர் கணினியைத் திருப்பினார். வெளியூர்க் கூடம் அனுப்பிய படம் அது. துண்டு முழுவதும் கருநீலம். உப்பு இருக்கும் இடம் மட்டும் மஞ்சள். இடது ஓரத்தில், தோலுக்குச் சற்று உள்ளே, காய்ந்த சொட்டு விட்டுப்போகும் வளையம்போல ஒரே ஒரு மஞ்சள் வட்டம். மற்ற எங்கேயும் இல்லை. விரிசலில் இல்லை, களிமண்ணில் இல்லை.

"அக்கா" என்றார் ஆய்வாளர். "பனி பட்டிருந்தா உப்பு விரிசல்வழியா எல்லா இடத்துலயும் பரவியிருக்கும். இது ஒரே இடத்துல இருக்கேன்னு ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். எந்தக் கணக்கும் ஒத்து வரல. நீங்க இப்போ வந்து இது என்னோடதுன்னு சொல்றீங்க!"

கோபமா சிரிப்பா என்று எங்களுக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்காது. எழுந்து வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டார். அதில் கோபம் இருந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அ, இ துண்டுகளை அன்றே சோதித்தார்கள். உப்பு இல்லை. ஆனால் இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. உப்பு போகட்டும், களிமண்ணே பாலைவனத்தில் ஊறி உண்டானதாக இருந்தால்? நாளைக்கு யாராவது கேட்பார்கள். இயக்குநர் அறையில் இதைப் பற்றி ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஓரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். திட்டு வாங்கத் தயாராக வந்தவரை இதுவரை யாரும் திட்டவில்லை. அதுவே அவருக்குத் தவிப்பாக இருந்தது.

"சார், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"அந்தப் பழுப்பு நூலுங்க கறுப்புத் தோலுகிட்ட வந்து நின்னுடுது சார். தோலுக்குள்ள போறதே இல்ல. அ துண்டைத் தேய்க்கறப்போ பார்த்தேன். தோலுகிட்ட வர்ற இடத்துல மட்டும் கருகின மாதிரி பொரிஞ்சு போயிருக்கு. மத்த இடத்துல வழவழன்னு இருக்கற நூலு, அங்க மட்டும் சொரசொரங்குது."

ஆய்வாளர்தான் முதலில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

விஷயம் இவ்வளவுதான். அந்தத் தோல் உண்டானது நம் காற்று மண்டலத்தில் எரிந்த அந்தச் சில நொடிகளில். களிமண் நூல் பூமியில் விழுந்த பிறகு வந்திருந்தால் தோலையும் துளைத்துக்கொண்டு போயிருக்கும். அந்த நெருப்பில் நூலே வெந்து பொரிந்திருக்கிறது என்றால், கல் இங்கே வருவதற்கு முன்பே நூல் அதற்குள் இருந்திருக்கிறது. வரும் வழியில் வெற்று வெளிதான், அங்கே ஓடும் தண்ணீர் ஏது? மிச்சம் இருப்பது ஒரே இடம், அது புறப்பட்ட இடம்.

இதைக் காட்ட வேண்டுமென்றால் தோலுக்குக் குறுக்காக, ஒரு நூலின் மேலேயே, புதிதாக ஒரு வெட்டு வேண்டும். பழைய துண்டுகளில் தோல் ஓரத்தில் கீற்றாகத்தான் ஒட்டியிருந்தது; மிச்சம் இருப்பது ஒன்பது கிராம் முனைத்துண்டு மட்டும். தோலோ லேசாகத் தட்டினால் உதிரும். "வெளியில யாரையாவது வச்சு வெட்டலாமா சார்?" என்று அக்காவே கேட்டார். இயக்குநர் தன் மேசையின் அந்த மூலையைத் தடவிக்கொண்டே, "வெளியில யார் இருக்காங்க?" என்றார்.

இந்த முறை பட்டறையில் அக்கா தனியாக இல்லை. ஆய்வாளர் ஒரு பக்கம், நான் கதவோரம். அக்கா நெற்றியில் துணிப்பட்டை கட்டியிருந்தார். போன் மட்டும் வழக்கம்போல அலமாரியில். வீட்டில் எல்லோரும் நலம் என்று தெரிந்துகொண்டுதான் பூட்டினார். கம்பி தோலைத் தொட்ட இடத்தில் ஒரு சின்னச் சில்லு தெறித்தது. ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா கையை எடுக்கவில்லை. வேகத்தைக் குறைத்து, ஆல்கஹாலைச் சொட்டவிட்டு, மூச்சை அடக்கி, ஒன்றேமுக்கால் மணி நேரம். நடுவில் யாருக்கும் தும்மல்கூட வரவில்லை. துண்டு கழன்று தட்டில் விழுந்தபோது எழுந்த 'டிக்' என்ற சத்தம்போல் இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

தேய்த்து மெலிதாக்க மூன்று நாள். நான்காம் நாள் மதியம் நுண்ணோக்கியில் வைத்தார்கள். முதலில் ஆய்வாளர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, "நீங்க பாருங்கக்கா" என்று இடம்விட்டார்.

மேலே கண்ணாடிபோல உறைந்த கறுப்புத் தோல். கீழே பச்சையும் மஞ்சளுமாகப் பளிச்சிடும் கல். நடுவே பழுப்பு நூல் ஒன்று நெளிந்து நெளிந்து மேலேறி வருகிறது. தோலை நெருங்கும் இடத்தில் குமிழ் குமிழாகப் பொரிந்திருக்கிறது. தோலோடு மோதி, கத்தரித்ததுபோல நின்றுவிடுகிறது. தோலுக்குள் ஒரு இழைகூட இல்லை.

"இது நம்ம தண்ணி இல்ல மேடம்" என்றார் அக்கா.

"இல்லக்கா. அவங்க தண்ணி."

"அவங்கன்னா?"

ஆய்வாளர் விழித்தார். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. "அந்த ஊர்த் தண்ணின்னு சொல்ல வந்தேன். யாரு இருந்தாங்கன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. இந்தக் கல்லு அதைச் சொல்லாது. தண்ணி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுது. எனக்கு அது போதும்."

இயக்குநர் திட்டாமல் விடவில்லை. அதைத் தனியாகக் கூப்பிட்டுச் செய்தார். எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும்.

"நீங்க அன்னைக்கே பதிவேட்டுல எழுதியிருக்கணும்."

"எழுதியிருக்கணும் சார்."

"சொட்டு விழறது தப்பில்ல. எழுதாததுதான் தப்பு."

"தப்புதான் சார்."

"இன்னொண்ணு. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வர்ற நாள்ல லீவு போடுங்க. அந்தக் கல்லு செவ்வாயில பிறந்ததுலேர்ந்து நூத்தி முப்பது கோடி வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கு. இன்னும் நாலு மாசம் காத்திருக்காதா?"

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்ததாம். அடுத்த வாரம் எல்லாப் பட்டறைப் பதிவேடுகளிலும் 'எதிர்பாராமல் நடந்தவை' என்று புதிய பத்தி ஒன்று அச்சாகி வந்தது. அதை முதலில் நிரப்பியவர் கல்லக்காதான். பழைய தேதி போடக் கூடாது என்று நான் சொன்னதால், அன்றைய தேதியைப் போட்டு, பல மாதத்துக்கு முன் விழுந்த சொட்டைப் பற்றி முக்கால் பக்கம் எழுதினார். பத்தியில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

கட்டுரை வெளிவர மேலும் அரை வருடம் ஆனது. வெளியூர்க் கூடம் இரண்டு முறை கேள்வி அனுப்பியது. மூன்றாவது முறை வந்த கடிதத்தில் கேள்வி இல்லை. அச்சான பிரதியை ஆய்வாளர் அக்காவிடம் கொடுத்து, ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். ஆ துண்டில் ஓரிடத்தில் வெட்டுநரின் வியர்வையோ கண்ணீரோ பட்டது, அந்த இடம் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று அதில் இருந்தது. வீட்டில் அதை மகள்தான் சத்தமாகப் படித்துக்காட்டினாளாம்.

"அம்மா, உலகமே செவ்வாயில உயிர் இருக்கான்னு தேடுது. கடைசியில அந்தக் கல்லுல கிடைச்சது நீதான்."

"சும்மா இரு பாப்பா" என்று சொன்னாலும், அந்தப் பக்கத்தை அவர் மடிக்காமல் பத்திரப்படுத்திக்கொண்டார்.

கட்டுரை வந்த அன்று சாயங்காலம் எங்கள் கட்டடத்திலிருந்து வழக்கம்போலப் பேருந்தில் ஏறியிருக்கிறார். ஜன்னலோர இருக்கை கிடைத்திருக்கிறது. எத்தனையோ மாதத்துக் கண் அசதி. சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். நடத்துநர் தோளைத் தட்டி, "எங்கம்மா இறங்கணும்?" என்று எழுப்பியபோது வீடு இரண்டு நிறுத்தம் பின்னால் போய்விட்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் தன்னைத்தானே நொந்துகொண்டு அடுத்த வண்டியைப் பிடிக்க ஓடியிருப்பார். அன்று ஓடவில்லை. இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைகளை வேடிக்கை பார்த்தபடி, வெயில் தணிந்த தெருவில் மெல்ல நடந்தே வீட்டுக்குப் போனார்.